கந்தையும் காகிதமும்: வட சிலாங்கூர் தோட்ட வீடுகளின் கைவேலை வரலாறு

"தோட்டத் தொழிலாளர்களின் வாழ்க்கை நிலையை விளக்குக" என்று ஒரு கேள்வி வந்தால் மாணவர்களே, நீங்கள் என்ன எழுதுவீர்கள்? கங்காணி முறை, குறைந்த சம்பளம், லயன் வீடு, கள்ளுக்கடை. நாலு கருத்து, நாலு பத்தி. தப்பில்லை, புள்ளியும் கிடைக்கும். ஆனா அந்த லயன் வீட்டுக்குள்ளே ஒரு நிமிஷம் நின்று பார்த்த மாதிரி ஒரு பதில் வருவது ரொம்ப அரிது. பிள்ளை எதில் தூங்கியது? தரையில் எதை விரித்தார்கள்? படித்து முடித்த பேப்பர் என்ன ஆனது?

தோட்டத்துக் கணக்கை எழுதியவர் கிராணி. எத்தனை பேர் பெரட்டுக்கு வந்தார்கள், எவ்வளவு பால் இறங்கியது, யாருக்கு எத்தனை நாள் சம்பளம், இதெல்லாம் அவருடைய புத்தகத்தில் இருக்கும். ஒரு சேலை எத்தனை வருஷம் உழைத்தது என்று அதில் இருக்காது. பெண்கள் வீட்டில் பழைய துணியையும் பழைய தாளையும் வைத்துச் செய்த சின்னச் சின்னப் பொருள்களில் அந்தக் கணக்கு இருக்கிறது. இன்றைக்கு அதை "கைவினை" என்கிறோம், காட்சிக் கலைக் கல்வி வகுப்பில் செய்ய வைக்கிறோம். வரலாற்று வகுப்பிலும் அதற்கு இடம் உண்டு என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

வட சிலாங்கூர் என்று இங்கே சொல்வது கடலோரம் கோல சிலாங்கூர், ஜெராம், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம். உள்ளே புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா). கிழக்கே உலு சிலாங்கூர் மலையடிவாரம் வரை. முதலில் ரப்பர், பிறகு செம்பனை. 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை இங்கேதான், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் உள்ள தென்னமரம் தோட்டத்தில் தொடங்கினார். பெயரை வாசித்தாலே அங்கே யார் இருந்தார்கள் என்று தெரிகிறது, இல்லையா? மலாயா வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. துரை எழுதியது நூலகத்தில் இருக்கிறது. அதே காலத்தில் அதே வட்டாரத்தில் லயத்துப் பெண்கள் தைத்தது எங்கே இருக்கிறது?

சம்பளத்திலிருந்து தொடங்குவோம். 1920களின் கடைசியில் சிலாங்கூர் தோட்டங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதிலும் வெட்டு விழுந்தது. பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். மலாயாவில் சொல்லிக்கொள்ளும்படியான துணி ஆலை கிடையாது. பிரிட்டன், இந்தியா, ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து துணி வந்தாக வேண்டும். ஏழைக்குக் கட்டுப்படியான துணி ஜப்பான் துணி. 1934இல் பிரிட்டிஷ் அரசு தன் காலனிகளில் அந்நியத் துணி இறக்குமதிக்கு உச்சவரம்பு விதித்தது. குறி வைத்தது ஜப்பான் துணியை. காப்பாற்றியது லங்காஷயர் ஆலைகளை. பால்மரக் காட்டில் நின்ற பெண்ணுக்கு லங்காஷயர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது. கடையில் ஒரு கெஜத்தின் விலை தெரியும்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு சேலைக்குப் பல பிறவி உண்டு. புதுசாக வந்தபோது அது தீபாவளிச் சேலை. கொஞ்சம் நைந்ததும் வேலைக்கு இறங்கும். ரப்பர் பால் துணியில் பட்டுக் காய்ந்தால் லேசில் போகாது. கறுத்து, விறைத்து, அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதனால் வேலைத்துணி தனி, வீட்டுத்துணி தனி. வேலைக்குப் போகாமல் தப்பிய பழைய சேலை தொட்டிலாகும். அதுவும் நைந்தால் மடித்துத் தைத்து விரிப்பு. விரிப்பும் கிழிந்தால் அடுப்படியில் பானை இறக்கும் கரித்துணி. கடைசியில் விளக்குத் திரி. ஒரு நூல்கூடக் குப்பைக்குப் போகவில்லை என்று பெருமையாகச் சொல்லலாம்தான். ஆனா ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இதை வகுப்பில் "மறுபயனீட்டு விழிப்புணர்வு" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.

தொட்டிலைப் பாருங்கள். உத்தரத்தில் கயிறு கட்டி, சேலையின் இரண்டு முனையையும் சேர்த்து முடிந்தால் தூளி தயார். ஆணி வேண்டாம், ஊசி வேண்டாம், தரையில் இடமும் வேண்டாம். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது. பூச்சி பொட்டிடமிருந்து பிள்ளை மேலே இருக்கும். பழைய சேலைதான் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. பலமுறை துவைத்த பருத்தியில் கஞ்சி போயிருக்கும், இழை மெத்தென்று இருக்கும், காற்றும் போய்வரும். விடியுமுன்னே பெரட்டுக்குப் போகிற தாய் பிள்ளையை ஆயாக்கொட்டாயில் விட்டுப் போவாள். அங்கேயும் வரிசையாகத் தூளிதான். ஒரு ஆயா ஒரே நேரத்தில் பல பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது என்றால் அந்தத் துணித் தொட்டிலுக்கும் அதில் பங்கு உண்டு. பெண் கூலியை வைத்து நடந்த தோட்டத்தில் பால் வெட்டும் கத்தியைப் போலவே தூளியும் ஒரு தொழில் கருவி என்று நான் சொல்லுவேன். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கு இப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்க, திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

விரிப்பு தைக்கும் முறை ரொம்ப எளிது. இரண்டு மூன்று பழைய சேலையை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓரத்தை மடித்து, ஊசியை மேலும் கீழும் நேராக ஓட்டிக்கொண்டே போவது. நூல் வாங்க வேண்டியதில்லை. சேலைக் கரையிலிருந்தே இழை உருவிக்கொள்ளலாம். வங்காளத்தில் இதையே "காந்தா" என்கிறார்கள். அங்கே பெண்கள் அந்தத் தையலிலேயே பூவும் பறவையும் எழுப்பிவிடுவார்கள். நம் "கந்தை"யும் அந்தச் சொல்லும் உறவுக்காரர்கள்தான். மலாய்க்காரர்கள் துண்டுத் துணியைக் "கைன் பெர்ச்சா" என்று சொல்லி அதில் போர்வை தைத்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கம்பத்திலும் தோட்டத்திலும் ஒரே மாதிரி வேலை நடந்தது. ஒருமைப்பாடு பற்றிப் பேச வேண்டிய பாடத்தில் இது நல்ல உதாரணம். பலரும் இதைத் தொடுவதில்லை.

இப்போது போர்க்காலம். நான்காம் படிவ வரலாற்றில் ஜப்பானிய ஆட்சி வருகிறது: 1941 டிசம்பர் 8 படையெடுப்பு, 1945 செப்டம்பர் வரை ஆட்சி. உணவுப் பற்றாக்குறையை எல்லாரும் எழுதுவீர்கள், மரவள்ளிக் கிழங்கை எல்லாரும் எழுதுவீர்கள். துணிப் பற்றாக்குறையையும் எழுதுங்கள். கப்பல் நின்றால் துணி நிற்கும். மேலே சொன்ன மாதிரி உள்நாட்டு ஆலை இல்லை. இருந்த துணி கிழிந்த பிறகு ஜனங்கள் கட்டியது கோணிச் சாக்கு. அரிசி வந்த சணல் சாக்கின் அடியில் தலைக்கு ஒரு ஓட்டை, பக்கத்தில் கைக்கு இரண்டு ஓட்டை, அதுதான் சட்டை. போர்க்கால நினைவுகளில் இது திரும்பத் திரும்ப வரும்.

சாக்கு உடம்பில் அரிக்கும். நனைந்தால் கனக்கும், மெதுவாகத்தான் காயும். அதைவிட மோசம் மாற்றுத்துணி இல்லாமல் போவது. துவைத்துப் போட்டால் உடுத்த ஒன்றுமில்லை, அதனால் துவைப்பதும் குறையும். சீலைப்பேன் என்று நம் பாட்டிகள் சொல்லும் பூச்சிக்கு அதுதான் கொண்டாட்டம். தலைப்பேன் மாதிரி முடியில் தங்காமல் துணித் தையலில் முட்டையிடும், அதனால்தான் அந்தப் பெயர். ஊசியும் நூலும் அப்போது சொத்து. ஒரு ஊசி உடைந்தால் வேறு ஊசிக்கு எங்கே போவது?

சயாம் மரண ரயிலுக்குப் போனவர்களும் இந்தத் தோட்டங்களிலிருந்தும் இது போன்ற தோட்டங்களிலிருந்தும் போனவர்களே. 415 கிலோமீட்டர் பாதை, 1942 முதல் 1943 வரை. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் கொண்டு போகப்பட்டார்கள், அதில் பெரும்பாலோர் தமிழர். அங்கேயும் சாக்குதான் உடுப்பு, சாக்குதான் போர்வை. ஆண்கள் போன பிறகு லயத்தில் மிஞ்சிய பெண்கள் இருந்த துணியை ஒட்டுப்போட்டுக் குடும்பத்தை மூடி வைத்தார்கள். அந்த ஒட்டுகள் எதுவும் அருங்காட்சியகத்துக்கு வரவில்லை. எப்படி வரும்? கிழியும்வரை உடுத்தினார்கள், கிழிந்த பிறகு எரித்தார்கள்.

போருக்குப் பிறகு கை கொஞ்சம் நிமிர்ந்தது. கோதுமை மாவு வெள்ளைப் பருத்திப் பையில் வந்தது. அவிழ்த்து, ஊறவைத்து, அச்சு எழுத்தைத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்தால் பிள்ளைக்குக் கால்சட்டை, தலையணை உறை. எழுத்து முழுசாகப் போகாது, பின்பக்கம் மில் பெயர் மங்கலாகத் தெரியும். அமெரிக்காவிலும் மந்தக் காலத்தில் இதே கதைதான். அங்கே மாவுக் கம்பெனிகளே விஷயம் தெரிந்து பையில் பூப்போட்டு அச்சடிக்க ஆரம்பித்தன, உடுப்பாகத் தைக்க வசதியாக இருக்கட்டும் என்று. நமக்கு அந்த மரியாதையெல்லாம் கிடைக்கவில்லை.

பிறகு தையல் மிஷின். சிங்கர் கம்பெனி 1850களிலேயே தவணைக்கு மிஷின் விற்கத் தொடங்கிவிட்டது, அந்தப் பழக்கம் மலாயாவுக்கும் வந்தது. லயத்தில் ஒரு வீட்டில் மிஷின் இருந்தால் போதும், தீபாவளி சமயத்தில் அந்த வீட்டு வாசலில் கூட்டம். ஒரே துணியை மொத்தமாக வாங்கி அண்ணன், தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் அதிலேயே தைப்பார்கள். பழைய படங்களில் ஒரு குடும்பமே ஒரே பூப்போட்ட துணியில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளை நீளமாகக் கிழித்து, ஜடை பின்னுவது போலப் பின்னி, சுருட்டி வட்டமாகத் தைத்தால் கால்மிதி. அல்லது சாக்குத் துண்டில் ஓட்டை போட்டு ஒவ்வொரு துண்டாகக் கோத்தால் பஞ்சுமாதிரி தடித்த கால்மிதி. கவனித்துப் பார்த்தால் அந்தக் கால்மிதியில் எத்தனையோ தீபாவளி தெரியும். இன்றைக்கும் வகுப்பில் செய்யக்கூடியது இதுதான்: பழைய டீ-சட்டை மூன்று, கத்தரிக்கோல், தடித்த ஊசி. இரண்டு பாட நேரத்தில் பாதி முடிந்துவிடும்.

தாளுக்கு வருவோம். தோட்டத்தில் தாள் அவ்வளவாகக் கிடையாது. வந்த தாள் பெரும்பாலும் செய்தித்தாள்: 1924இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன், 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது வழக்கம். வாசித்த பிறகு கஞ்சிப் பசை தடவிப் பலகைச் சுவரில் ஒட்டுவார்கள், சந்து அடையும். மீதி கடைக்குப் போய்ப் பொட்டலமாகத் திரும்பி வரும். சுவரில் ஒட்டிய பேப்பரைப் பார்த்தே எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய பிள்ளைகளும் உண்டு.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் காகிதக் கூழ் என்று ஒரு கைப்பழக்கம் உண்டு. நம் முன்னோர் வந்த சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் மூங்கில் முறத்தின் சந்தை அடைக்க இதைப் பூசுவார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்க. செய்முறை இதுதான். பேப்பரைச் சின்னச் சின்னதாகக் கிழித்து இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவையுங்கள், தினமும் தண்ணீர் மாற்றுங்கள். ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியாக ஊறவையுங்கள். இரண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் (இப்போது மிக்ஸியில்) மைய அரைத்தால் மாவு மாதிரி வரும். ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்து, மேலே ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் அரை அங்குலத்துக்கும் குறைவாகச் சமமாக அப்புங்கள். வெயிலில் காய்ந்து கெட்டியானதும் கழற்றினால் கிண்ணம். முறத்துக்கு என்றால் நேராக அதன்மேல் மெழுகவேண்டியதுதான்.

வெந்தயம் எதற்கு? செய்தித்தாள் மரத்தை அரைத்துச் செய்தது, அதன் நார் குட்டையானது, தானாகப் பிடிப்பு குறைவு. வெந்தயத்தின் வழவழப்பு அந்த நாரைச் சேர்த்துப் பிடிக்கும்; கசப்பு பூச்சியை அண்டவிடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் ஒரே நாளில் காயாது, மழை வந்தால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் மெல்லிசாகப் போடுங்கள், காற்றாட வையுங்கள்.

தாளும் துணியும் ஒரே குடும்பம் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். மரக்கூழ் பரவலாவதற்கு முன்னே ஐரோப்பாவில் தாள் செய்ததே கந்தைத் துணியில்தான். பருத்தி நார் நீளம், அதனால் அந்தத் தாள் நூற்றாண்டுகள் நிற்கும். செய்தித்தாள் சில வருஷத்திலேயே மஞ்சளாகி நொறுங்கிவிடும். இங்கே ஜே. சி. குமரப்பாவைக் குறிப்பிட வேண்டும். தஞ்சாவூரில் பிறந்த இந்தத் தமிழர்தான் காந்தி 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்தினார். கையால் தாள் செய்வது அந்தச் சங்கம் வளர்த்த தொழில்களில் ஒன்று. வருஷத்தைக் கவனித்தீர்களா? மலாயாவில் துணிக்கு உச்சவரம்பு வந்த அதே 1934.

தோட்டத்துப் பிள்ளைகளிடம் வேறு யாரிடமும் இல்லாத பசை ஒன்று இருந்தது, ரப்பர் பால். மங்கில் இருந்து கொஞ்சம் எடுத்து இரண்டு பக்கமும் தடவி, வெள்ளை மாறிக் கண்ணாடிபோல் ஆனதும் அழுத்தினால் பட்டம் பிரியவே பிரியாது. சட்டென்று வேலையை முடிக்க வேண்டும், சில மணி நேரத்தில் பால் தானே உறைந்துவிடும். வருஷக்கணக்கில் போனால் அந்த இடம் பழுப்பாகிப் பிசுபிசுக்கும். பழைய பொருளில் அப்படி ஒரு கோடு தெரிந்தால், அது தோட்டத்துப் பொருளாக இருக்கலாம் என்று ஊகிக்க ஒரு தடயம்.

வண்ணத்தாள் வேலை ஆண்களும் இளைஞர்களும் செய்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தோரணம், காவடிக்குப் பூ. சாவு விழுந்தால் அதே கைகள் பாடைக்கும் பூ வெட்டும்.

இனி ஏன் அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்பது 1950களிலேயே தொடங்கியது. உங்கு அஜீஸ் 1962இல் அதைப் பற்றி ஆய்வே வெளியிட்டார். பிறகு நகரமைப்பு வந்தது. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் எதை எடுத்துப் போனார்கள்? சாமி படம், பாத்திரம், பிறப்புப் பத்திரம், தையல் மிஷின். கந்தைப் போர்வையை யாரும் லாரியில் ஏற்றவில்லை. உலு சிலாங்கூரில் புக்கிட் தாகார் என்பது ஒரு தோட்டத்தின் பெயர். 2005 முதல் அந்தப் பெயரில் இருப்பது கோலாலம்பூர்க் குப்பை போய்ச்சேரும் பெரிய குப்பை நிலம். நகரத்தின் பழைய துணியும் பழைய தாளும் இப்போது அங்கேதான் போகின்றன.

பாட்டியிடம் கேட்கப் போகும் மாணவர்களுக்குச் சில வார்த்தை. "எந்த வருஷம்?" என்று கேட்காதீங்க, பதில் வராது. "ஜப்பான்காரன் காலமா, அவசரகாலமா, மே பதிமூணுக்கு முன்னேயா பின்னேயா?" என்று கேளுங்க. முதலாவது 1941 முதல் 1945, இரண்டாவது 1948 முதல் 1960, மூன்றாவது 1969. வருஷத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்க, ஞாபகம் விரலிலிருந்து வரும். துணி எங்கே வாங்கியது, யார் கிழித்தது, யார் தைத்தது, ராத்திரியா பகலா, எந்த வெளிச்சத்தில் என்று கேளுங்க. சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்க, "கரித்துணி" என்றால் கரித்துணிதான், "சமையலறைத் துணி" என்று திருத்தாதீர்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடமும் கேட்டு ஒத்துப்பாருங்க. பொருள் முதல்நிலைச் சான்று, பேச்சு வாய்மொழிச் சான்று. பயிற்சி ஏட்டில் இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள், துணியின் பின்பக்கத்தையும் எடுங்கள். தையல் பின்பக்கத்தில்தான் நன்றாகத் தெரியும்.

1943இல் பத்து வயதாக இருந்து சாக்குச் சட்டை போட்டவர்கள் இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். பட்டியல் போடும்போது அவர்கள் வீட்டுக்கு முதலில் போங்க.